பெரிய பிள்ளைகளுக்கு எதற்குப் படப்புத்தகம்?

"எட்டாம் வகுப்புக்குப் போய்ப் படப்புத்தகம் வாசிச்சுக் காட்டுறீங்களே டீச்சர், அதுங்க என்ன ஒண்ணாங் கிளாஸா?"

ஆசிரியர் அறையில் இந்தக் கேள்வி வராத வருஷம் கிடையாது. கேட்பவர்கள் நல்லவர்கள்தான். பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர்கள். முடிக்காத பாடம், திறனறித் தேர்வு, எமிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டிய விவரம் என்று அவர்களுக்கும் ஆயிரம் நெருக்கடி. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமை தாங்குவதில்லை. ஏனென்றால் அதற்குள் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. இன்னொரு ஊர், இன்னொரு மொழி, இன்னொரு வீட்டு மனிதர்களைப் பற்றிய கதை சின்னப் பிள்ளைகளுக்கான விளையாட்டுச் சாமான் என்பது ஒன்று. வயது ஏற ஏற அது தேவையில்லை என்பது இன்னொன்று. இரண்டும் தவறு. பிள்ளை வளர வளரத்தான் அந்தக் கதைகளின் தேவை கூடுகிறது.

நான் வேலை பார்ப்பது திருப்பூர்ப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில். ஒன்று முதல் எட்டு வரை. சுற்றிலும் பனியன் கம்பெனிகள், சாயப்பட்டறைகள், லைன் வீடுகள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள். உசிலம்பட்டி, தேனி, ராமநாதபுரம் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக இதே ஊர்க்காரர்களாக இருப்பவர்களின் பிள்ளைகளும் உண்டு. ஒரே பெஞ்சில் மூன்று மொழி உட்கார்ந்திருக்கும். பாடப்புத்தகத்தில் இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேரின் வீடு இல்லை. அதைப் பாடப்புத்தகத்தின் குற்றமாக நான் சொல்லவில்லை. ஒரு மாநிலத்துக்கு ஒரே புத்தகம் என்றால் அப்படித்தான் இருக்கும். அதை ஈடுகட்டத்தானே நூலகப் புத்தகம் என்று ஒன்று இருக்கிறது?

புத்தகம் இல்லையா என்றால், இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல். 1957 முதல் இயங்கும் நேஷனல் புக் டிரஸ்ட் போட்ட மெல்லிய புத்தகங்கள், வங்காளத்துக் கதையும் அசாமியக் கதையும் தமிழில், எங்கள் பீரோவில் இருக்கின்றன. சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகத்தின் புத்தகங்கள் இருக்கின்றன. அரசின் வாசிப்பு இயக்கம் அனுப்பிய சின்னச் சின்னப் புத்தகங்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. போதாததற்கு, பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை, ஒரே படங்களோடு தமிழிலும் ஹிந்தியிலும் ஒடியாவிலும் இலவசமாகக் கிடைக்கிறது. வேண்டுமானால் அச்செடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது.

இவ்வளவு இருந்தும் பீரோ பூட்டியே கிடக்கிறது. சாவி தலைமையாசிரியர் மேசை டிராயரில். ஏன் பூட்டினார்கள் என்று கேட்டால், பதில் இருப்புப் பதிவேட்டில் இருக்கிறது. ஒவ்வொரு புத்தகமும் அதில் ஓர் எண். தலைமையாசிரியர் மாறுதலில் போனாலோ ஓய்வு பெற்றாலோ அத்தனை எண்ணையும் கணக்குக் காட்டி ஒப்படைக்க வேண்டும். தணிக்கையில் குறைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை கையில் கொடுத்த புத்தகம் அட்டை கிழிந்துதான் திரும்பி வரும். வரவேண்டும், அதுதான் வாசித்த புத்தகம். ஆனால் கணக்குக்கு அது சேதம். வீட்டுக்குக் கொண்டு போன பிள்ளையின் குடும்பம் சொல்லாமல் ஊருக்குக் கிளம்பிப் போனால் புத்தகமும் பாட்னா ரயில் ஏறிவிடும். ஓய்வு பெறப்போகும் மனிதர் பயப்படாமல் என்ன செய்வார்? அவரை நான் நோகவில்லை. கிழியாத புத்தகத்தை நல்ல நிர்வாகம் என்று நினைக்கிற ஏற்பாட்டைத்தான் நோகிறேன்.

பூட்டிய பீரோ வருஷத்துக்கு ஒருமுறை திறக்கும். நவம்பரில் குழந்தைகள் தினம், அதையொட்டித் தேசிய ஒருமைப்பாட்டு வாரம். அப்போது புத்தகங்கள் மேசையில் அடுக்கப்பட்டு, போட்டோ எடுக்கப்பட்டு, வாட்ஸ்அப் குழுவில் போடப்படும். அதோடு மாறுவேடம். மாநிலத்துக்கு ஓர் உடை, ஒரு நடனம், ஒரு பலகாரம். அப்படி ஒரு நாளில் ஐந்தாம் வகுப்பு ஒடிசாப் பெண் ஒருத்திக்கு எங்கிருந்தோ ஒரு சேலை வாங்கிச் சுற்றி, நெற்றியில் பெரிய பொட்டு வைத்து, கையில் மாநிலத்தின் பெயர் எழுதிய அட்டையைக் கொடுத்து நிறுத்தினார்கள். அவள் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சுடிதாரில் போய் வருகிறவர். அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சேலைக்கட்டை வீட்டில் பார்த்தவள் இல்லை. "உங்க பாஷையில ஒரு பாட்டுப் பாடு" என்றார்கள். அவளுக்குத் தெரிந்த பாட்டெல்லாம் தமிழ் சினிமாப் பாட்டு. விழித்துக்கொண்டு நின்றாள். சுற்றி நின்றவர்கள் கூச்சம் என்று நினைத்தார்கள்.

பல பண்பாட்டை மதிப்பது என்று நாம் செய்கிற காரியம் இதுதான் என்றால், செய்யாமல் இருப்பதே அந்தப் பிள்ளைக்கு நல்லது. ஒரு பிள்ளையைத் தன் மாநிலத்துக்குப் பிரதிநிதியாக நிறுத்துவது அநியாயம். அவள் ஒரு பிள்ளை. அவளுக்கு இடம் கொடுக்க வேண்டியது மேடையில் இல்லை, தினசரி பீரியடில்.

தினசரி பீரியடில் எப்படி என்று கேட்பவர்களுக்கு, ஒரே ஒரு புத்தகத்தைக் காட்டுகிறேன். மகாசுவேதா தேவி குழந்தைகளுக்காக எழுதி, தூலிகா பல இந்திய மொழிகளில் வெளியிட்ட மோய்னாவின் கதை. மெல்லிய படப்புத்தகம். நிறுத்தி நிதானமாக வாசித்தாலும் கால் மணி நேரம் ஆகாது. மோய்னா மேற்கு வங்கத்துச் சபர் பழங்குடிச் சிறுமி. ஊர்ப் பெரிய வீட்டுக்காரர்களின் ஆடுகளை மேய்க்கிறாள். அப்பா வேலை தேடி ஜாம்ஷெட்பூர் போயிருக்கிறார். எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று கேட்டுத் துளைக்கிறாள். நல்ல பாம்பை ஏன் பிடிக்கக் கூடாது? தண்ணீருக்கு ஏன் அவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? பெரிய வீட்டின் மிச்சச் சோற்றை நான் ஏன் தின்ன வேண்டும்?

இரண்டாம் வகுப்பில் இதை வாசித்தால் பாம்புதான் கதை. அதற்கு மேல் அந்த வயதில் ஒன்றும் வேண்டாம். நீங்களாக ஒன்றும் சொல்லித் தராதீர்கள். ஆளாளுக்கு ஒரு பாம்புக் கதை சொல்வார்கள், தமிழ் சரியாக வராத பிள்ளை கையால் படமெடுத்துக் காட்டும், வகுப்பு சிரிக்கும். தன்னைப்போல் கறுத்த, தலை கலைந்த ஒரு சிறுமி புத்தகத்தில் கதாநாயகியாக இருக்கிறாள் என்பது எவரும் சொல்லாமலே உள்ளே போகும்.

ஐந்தாம் வகுப்பில் கதை வேறு இடத்தில் நிற்கும். மோய்னா பள்ளிக்கூட நேரத்தை மாற்றச் சொல்கிறாளே, அந்த இடத்தில். காலையில் ஆடு மேய்க்க வேண்டும், பதினொரு மணிக்கு மேல்தான் வர முடியும், நேரத்தை மாற்றாவிட்டால் நான் எப்படிப் படிப்பது என்று கேட்கிறாள். இதை நான் வாசித்தபோது பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழுந்து, தன் அம்மா நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்வரை தம்பியைப் பார்த்துக்கொள்வதால்தான் தினமும் பிரேயருக்குத் தாமதமாகிறது என்று சொன்னாள். அதுவரை அவள் தாமதத்துக்கு நாங்கள் எல்லாரும் காரணம் கேட்டிருக்கிறோம். பதிலே வந்ததில்லை. மோய்னா கேட்ட பிறகு வந்தது.

அதையே ஏழு, எட்டாம் வகுப்புக்கு எடுத்துப் போனால்தான் அந்தப் புத்தகம் முழுதாகத் திறக்கிறது. மேய்க்கிற ஆடு யாருடையது? நிலம் யாருடையது? அப்பா ஏன் சொந்த ஊரில் இல்லை? கடைசிக் கேள்விக்கு என் வகுப்பில் பாதிப் பேருக்குப் பதில் தெரியும். அவர்களின் அப்பாக்களுக்கு ஜாம்ஷெட்பூருக்குப் பதில் திருப்பூர். தர்பங்கா என்றான் ஒருவன், கஞ்சம் என்றாள் ஒருத்தி, கமுதி என்றான் இன்னொருவன். வடக்கத்திப் பிள்ளை, உள்ளூர்ப் பிள்ளை என்று இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்திருந்த வகுப்பில், ஊர் விட்டு வந்தவர்கள் எத்தனை பேர் என்று முதல்முறையாக அவர்களே கண்டுபிடித்தார்கள்.

அங்கிருந்து சரித்திரத்துக்குப் போகலாம். எட்டாம் வகுப்புக்கு அது தாங்கும். சபர் மக்களை ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தியிருந்தது. 1871-இல் வந்த சட்டம் அது. பிறந்த குடும்பத்தைப் பார்த்தே ஒருவனைக் குற்றவாளி என்று எழுதிவைக்கிற சட்டம். நாடு விடுதலை பெற்று, 1952 ஆகஸ்ட் 31 அன்றுதான் அந்தச் சமூகங்களெல்லாம் அந்தப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டன. அதற்குப் பிறகும் சந்தேகம் போகவில்லை. 1998-இல் புருலியாவில் புதன் சபர் என்ற இளைஞர் போலீஸ் காவலில் இறந்தபோது, மகாசுவேதா தேவி நீதிமன்றம் வரை போனார். கதை எழுதியவரும் அந்த மக்களுக்காகத் தெருவில் நின்றவரும் ஒருவரே என்று பெரிய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அந்தச் சட்டத்தின் பிந்தைய வடிவம் நம் மண்ணிலும் ரத்தம் குடித்தது. 1920 ஏப்ரல் 3, மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூர். கைரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள் மேல் போலீஸ் சுட்டது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. இதைச் சொன்னபோது உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன், "எங்க அப்பத்தா ஊருக்குப் பக்கம்தானுங்க டீச்சர்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். மேற்கு வங்கத்தின் ஆட்டுக்காரச் சிறுமியிலிருந்து அவன் அப்பத்தாவின் ஊர் வரைக்கும் ஒரே புத்தகம் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. இதை ஒன்றாம் வகுப்புச் சமாச்சாரம் என்று சொல்கிறவர்களிடம் நான் எதைச் சொல்லிப் புரியவைப்பது?

இன்னொரு வேதனை டோட்டோ-சான். தமிழ்நாட்டில் ஆசிரியர் கூட்டம் எங்கே நடந்தாலும் இந்தப் பெயர் வந்துவிடும். டெட்சுகோ குரோயாநாகி 1981-இல் ஜப்பானிய மொழியில் வெளியிட்ட நூல், நேஷனல் புக் டிரஸ்ட் வழியாகத் தமிழில் எத்தனையோ ஆசிரியர்களின் கைக்கு வந்திருக்கிறது. எனக்கும் உயிரான நூல். ஆனால் நாம் அதிலிருந்து எடுத்துக்கொண்டது என்ன? ரயில் பெட்டியில் வகுப்பறை. நம் மாநிலத்தில் எத்தனை பள்ளிச் சுவர்களில் ரயில் பெட்டி வரைந்திருக்கிறோம்! ஜன்னல், கதவு, பெட்டி எண் எல்லாம் அச்சு அசலாக. பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது, நல்லதுதான். ஆனால் அதே நூலில் மசாவோ-சான் என்ற கொரியச் சிறுவன் வருகிறானே, அவனை யார் வகுப்பில் வாசித்தோம்?

டோட்டோ-சான் போகிற வழியில் நின்றுகொண்டு அவளைப் பார்த்து வெறுப்போடு "கொரியாக்காரி" என்று கத்துகிறான் அவன். அவள் ஜப்பானியச் சிறுமி. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து சொல்கிறாள். அம்மாவின் கண்ணில் நீர் வந்துவிடுகிறது. அந்தப் பையனை எல்லாரும் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அதை ஒரு வசவு என்றே அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று மகளுக்கு விளக்குகிறார். கொரியா அப்போது ஜப்பானின் ஆளுகையில் இருந்தது. 1910 முதல் 1945 வரை. சின்ன அத்தியாயம், ஒன்றிரண்டு பக்கம்தான்.

அந்தப் பக்கங்களை ஏழாம் வகுப்பில் வாசித்தேன். எங்கள் மைதானத்தில் கபடி ஆடும்போது "டேய் பீகாரி, அவனப் புடிடா" என்பது தினசரிச் சத்தம். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசித்து முடித்ததும் உள்ளூர்ப் பெண் ஒருத்திதான், "நம்ம பசங்களும் அப்படித்தானே கூப்புடறாங்க டீச்சர்" என்றாள். பையன்கள் மறுத்தார்கள், அது சும்மா என்றார்கள், சத்தம் போட்டார்கள். பிறகு அந்தப் பீகார்ப் பையன் பேசினான். நான் எதிர்பார்த்தது அவன் தன் வருத்தத்தைச் சொல்வான் என்று. அவன் சொன்னது வேறு. அவன் கிராமத்தில் ஓர் ஓரத்துத் தெரு இருக்கிறதாம். அங்கே இருக்கிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களாம், சாதி சொல்லித்தான். "நானும் கூப்ட்டுருக்கேன்" என்றான். அதற்குப் பிறகு வகுப்பில் யாரும் அவனுக்குப் பரிதாபப்படவில்லை. அவனோடு சேர்ந்து யோசித்தார்கள். பரிதாபத்தைவிட அது எவ்வளவு மேல்! இந்தப் பேச்சு ஒன்றாம் வகுப்பில் நடக்காது. பதின்மூன்று வயதில்தான் நடக்கும். அந்த வயதில்தான் நாம் கதைப்புத்தகத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு வினாவங்கியைக் கொடுக்கிறோம்.

வாசிப்பு இயக்கப் புத்தகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலை. எளிய தமிழ், சின்னப் புத்தகம், நல்ல முயற்சி. மனதார வரவேற்கிறேன். ஆனால் பள்ளிக்குள் வந்ததும் அந்தப் படிநிலை பிள்ளையின் நெற்றியில் ஒட்டிக்கொள்கிறது. ஏழாம் வகுப்பில் பீகாரிலிருந்து புதிதாகச் சேர்ந்த பையன் எழுத்துக் கூட்டித்தான் தமிழ் வாசிப்பான். ஆகவே அவன் "நுழை". அவனுக்கு வருஷம் முழுக்க இரண்டு வரிக் கதைகள். ஆனால் அவன் மூளைக்குப் பதின்மூன்று வயது. ரயிலில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்தவன். அப்பாவின் சம்பளக் கணக்கைப் போனில் போட்டுப் பார்க்கிறவன். அவனிடம் போய் யானையும் எலியும் நண்பர்கள் என்றால் அவன் ஏன் புத்தகத்தைத் தொடப்போகிறான்? அவன் வாசிக்கக்கூடிய புத்தகம் வேறு, அவன் கேட்டு யோசிக்கக்கூடிய புத்தகம் வேறு. முதலாவதை அவன் கையில் கொடுங்கள். இரண்டாவதை ஆசிரியர் வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும். பக்கத்தில் அதே கதையின் ஹிந்திப் பிரதியை வைத்தால் இன்னும் நல்லது. வாய்விட்டு வாசிப்பது சின்ன வகுப்போடு முடிந்துவிட வேண்டும் என்று எந்த அரசாணையும் இல்லை. நாமாக நிறுத்திக்கொண்டோம்.

எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு கீழ் வகுப்புகளிலாவது கதை, பாட்டு, பொம்மை என்று கலகலப்பு வந்திருக்கிறது. ஆறாம் வகுப்பில் அது சட்டென்று நிற்கிறது. பள்ளிக் கல்வித்துறையின் "தேன்சிட்டு" இதழ் வருகிறது, நல்ல இதழ், அதையும் பிரிக்காமல் அடுக்கி வைத்திருக்கும் பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்பது, பத்துக்குப் போனால் கேட்கவே வேண்டாம். நூலகப் பீரியட் கால அட்டவணையில் இருக்கும், கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வார். சிங்கிஸ் அய்த்மாத்தவின் "முதல் ஆசிரியர்" தமிழில் வந்து எத்தனை காலமாகிறது. கிர்கிஸ் கிராமத்தில், குதிரை லாயமாக இருந்த இடத்தில் பள்ளி தொடங்கி, பிள்ளைகளைக் குளிர்ந்த ஓடையில் தோளில் சுமந்து அக்கரை சேர்க்கிற துய்ஷேனை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டாமா? அவனையும் அவன் மாணவி அல்தினாயையும் வாசித்த பிள்ளைக்கு மத்திய ஆசியா வரைபடத்தில் வெறும் நிறமாகத் தெரியாது. சமூக அறிவியல் ஆசிரியருக்கே பாதி வேலை மிச்சம்.

பயிற்சி வகுப்புகளிலும் எனக்கு ஒரு மனக்குறை. வட்டார வள மையத்தில் கருத்தாளர்கள் கதை சொல்லும் உத்திகளை ஆடிப் பாடிக் கற்றுத் தருகிறார்கள். எல்லாம் முடிந்து கடைசியில் வந்து நிற்பது, "இக்கதையின் நீதி யாது?" என்ற இடத்தில். மோய்னா கதைக்கு என்ன நீதி எழுதுவது? கேள்வி கேட்பது நன்று என்று எழுதி, அதற்கு இரண்டு மதிப்பெண் போட்டு, அடுத்த நிமிடமே கேள்வி கேட்ட பிள்ளையை உட்காரச் சொல்வதா? வேறு வாழ்க்கையைச் சொல்லும் கதையைச் செயல்தாளாக்கினால் அது செத்துப்போகிறது. வாசியுங்கள், நிறுத்துங்கள், பிள்ளைகள் பேசக் காத்திருங்கள். மௌனமாக இருந்தால் இருக்கட்டும். மறுவாரம் பேசுவார்கள்.

புத்தகங்கள் மேலும் வருத்தம் உண்டு, அதையும் மறைக்க விரும்பவில்லை. நம்மிடம் வரும் பல கதைகளில் பழங்குடிப் பிள்ளை, நரிக்குறவர் பிள்ளை, அகதி முகாம் பிள்ளை என்றாலே துயரம்தான். பசி, கிழிந்த சட்டை, கடைசிப் பக்கத்தில் நல்ல மனசுள்ள ஒரு பெரியவர் வந்து காப்பாற்றுவார். அந்தப் பிள்ளை விளையாடாதா, தம்பியோடு சண்டை போடாதா, சாவியைத் தொலைத்துவிட்டுத் தேடாதா? எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962-இல் அமெரிக்காவில் ஒரு படப்புத்தகம் போட்டார். பனி பெய்த காலையில் பீட்டர் என்ற சிறுவன் சிவப்பு உடுப்பு மாட்டிக்கொண்டு வெளியே போய் விளையாடுகிறான். அவ்வளவுதான் கதை. பீட்டர் கறுப்பினப் பிள்ளை. கதையில் அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது, படத்தில் மட்டுமே தெரியும். மறு ஆண்டு கால்டெகாட் விருது பெற்றது. புத்தகம் வந்து மூன்று வருஷம் கழித்து, 1965-இல், நான்சி லாரிக் என்ற கல்வியாளர் அந்த நாட்டில் அண்மையில் வெளிவந்த ஐயாயிரத்துச் சொச்சம் குழந்தைப் புத்தகங்களைக் கணக்கெடுத்து எழுதினார். ஒரு கறுப்பின முகமாவது இருந்தவை நூற்றுக்கு ஏழுகூட இல்லை. அந்தக் கணக்கு வந்த பிறகுதான் பதிப்பாளர்களுக்கு உறைத்தது.

நம் பள்ளி பீரோவில் இருக்கும் புத்தகங்களை அப்படி எண்ணிப் பாருங்கள். ஒரு மதியம் போதும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளையே எண்ணச் சொல்லலாம், அதுவே நல்ல பாடம். எத்தனை புத்தகத்தில் கதாநாயகப் பிள்ளை கறுப்பு? எத்தனையில் வீடு லைன் வீடு? எத்தனையில் இஸ்லாமியப் பிள்ளை ரம்ஜான் இல்லாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் வருகிறது? எத்தனையில் இருளர் வீட்டுப் பிள்ளை யாருடைய உதவியும் இல்லாமல் சிரிக்கிறது? எண்ணிய பிறகு அடுத்த முறை புத்தகம் வாங்கும்போது பட்டியல் தானாக மாறும்.

ஒரு தகப்பனார் வந்து, "கதையெல்லாம் எதுக்குங்க டீச்சர், இங்கிலீஷ் சொல்லிக் குடுங்க போதும்" என்றார். அவர் கவலை நியாயம்தான். அவரிடம் சண்டை போடவில்லை. அன்று வாசித்த கதையைத் தமிழும் இங்கிலீஷுமாக அச்சிட்ட இருமொழிப் புத்தகத்தைக் கொடுத்து, வீட்டில் மகனை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள் என்றேன். ஒரு வாரம் கழித்து அடுத்த புத்தகம் கேட்டு அவரே வந்தார். பெற்றோர் தடை என்று நாம் சொல்லிக்கொள்வதில் பாதி, அவர்களிடம் புத்தகத்தைக் காட்டாமலே சொல்வது.

இனி கேட்டுக்கொள்ள வேண்டியவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். வட்டாரக் கல்வி அலுவலர்களே, ஆய்வுக்கு வரும்போது பீரோவில் புத்தகம் எத்தனை என்று கேட்காதீர்கள். கிழிந்தது எத்தனை என்று கேளுங்கள். கிழிந்ததையும் தொலைந்ததையும் ஆண்டுக்கு இவ்வளவு என்று பதிவேட்டில் கழித்துக்கொள்ளத் தலைமையாசிரியருக்கு எழுத்தில் அனுமதி கொடுங்கள். இந்த ஒரு தாள் வந்தால் பாதிப் பள்ளிகளில் சாவி டிராயரைவிட்டு வெளியே வரும். பாடத்திட்டம் வகுப்பவர்களே, ஆறு முதல் பத்து வரை வாரத்துக்கு ஒரு பீரியடை வாய்விட்டு வாசிப்பதற்கென்று எழுதி வையுங்கள். அதற்கு மதிப்பெண் வேண்டாம், செயல்தாள் வேண்டாம், போட்டோ வேண்டாம். சக ஆசிரியர்களே, ஒரு புத்தகத்தை எடுத்தால் அதை ஒரு வகுப்போடு விட்டுவிடாதீர்கள். இரண்டாம் வகுப்புக்கு வாசித்ததை ஐந்துக்கும், ஐந்துக்கு வாசித்ததை எட்டுக்கும் கொண்டு போங்கள். கேள்விகளைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.